காமிக்ஸ் துறையில் தொல்லையும் பாகுபாடும்: ஃப்ரீலான்ஸ் ஓவியர் யாரிடம் முறையிடுவது?

மைக்கூடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பழைய லயன், முத்து காமிக்ஸ் இதழ்களின் விலையையும் பிரெஞ்சு ஆல்பங்களின் மறுபதிப்புகளையும் பற்றிப் பேசிவரும் நமக்குள் இதுவரை அதிகம் எழாத ஒரு கேள்வியை முன்வைக்க விரும்புகிறேன். காமிக்ஸ் வரைந்து பிழைக்கும் ஒருவருக்கு, வேலை கொடுக்கும் இடத்திலிருந்தே பாலியல் தொல்லையோ இனப் பாகுபாடோ நேர்ந்தால், அவர் எந்தக் கதவைத் தட்டுவது?

நான் சிங்கப்பூரில் பல ஆண்டுகளாக ஃப்ரீலான்ஸாகச் சிறுவர் நூல்களுக்கும் காமிக்ஸ்களுக்கும் வரைந்து வருகிறேன். ஒரு பதிப்பகத்தின் கலைப்பிரிவுப் பொறுப்பாளர், பென்சில் படங்களுக்கான திருத்தங்களை மின்னஞ்சலில் அனுப்புவதை நிறுத்திவிட்டு, இரவு பதினொரு மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினார். மூன்றாம் பக்கத்தில் கதாநாயகனின் கை பெரிதாக இருக்கிறது என்று தொடங்கிய செய்திகள், பிறகு என் முகப்படத்தைப் பற்றியவையாக மாறின; அதன்பின், மீதியை நேரில் பேசிக்கொள்ளலாம், இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்ற விசாரிப்பு வந்தது. திருத்தங்களை மின்னஞ்சலிலேயே அனுப்பும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டேன். அந்த நூல் வெளிவந்தது, பணமும் வந்து சேர்ந்தது. அடுத்த நூல் மட்டும் வரவில்லை. என்னை யாரும் வேலையைவிட்டு நீக்கவில்லை, ஏனெனில் நான் அங்கே வேலையிலேயே இல்லை. நடந்ததை என்னவென்று சொல்லி, யாரிடம் புகார் செய்வது?

கிழக்குவாசல் எழுதியது:

அக்கா, உங்களுக்கு நேர்ந்தது வருத்தத்துக்குரியது, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆயினும் ஒரு தனிமனிதரின் நடத்தையை ஒரு துறையின் குணமாகக் காட்டுவதற்குத் தயங்குகிறேன். வங்கியிலும் மருத்துவமனையிலும் பள்ளியிலும் இத்தகையவர்கள் இருக்கின்றனர். மேலும், சிங்கப்பூரில் காமிக்ஸ் என்பது ஒரு சில பதிப்பகங்களும் ஆண்டுக்கு இரண்டொரு கண்காட்சிகளும் கொண்ட சிறிய வட்டம். அமெரிக்காவில் நடக்கும் சண்டைகளை இங்கே கொண்டுவந்தால் இருக்கிற வாய்ப்பும் சுருங்கிப்போகும். கடைசியில் பக்கத்தில் இருக்கும் கோடுதான் பேசும். அதை வரைந்தது ஆணா பெண்ணா, எந்த இனத்தவர் என்று வாசகர் பார்ப்பதில்லை.

நான்காம்_சட்டகம் எழுதியது:

வாசகர் பார்ப்பதில்லை என்பதை ஏற்கிறேன். வாசகரின் கைக்கு நூல் வருவதற்கு முன்னால் தேர்வு செய்பவர்களைப் பற்றித்தான் இங்கே கேள்வி. பிரான்சின் அங்கூலெம் காமிக்ஸ் விழா, ஒருவருடைய வாழ்நாள் பணிக்காக வழங்கும் பெரும்பரிசுக்கு 2016இல் 30 பேரின் பட்டியலை வெளியிட்டது. அதில் ஒரு பெண்கூட இல்லை. காமிக்ஸ் வரலாற்றில் பெண்கள் குறைவு என்பதே ஏற்பாட்டாளர்களின் முதல் விளக்கம். பட்டியலில் இருந்த ரியாத் சத்தூஃப், டேனியல் க்ளோவ்ஸ் போன்ற ஓவியர்கள் தங்கள் பெயர்களை விலக்கிக்கொண்ட பிறகுதான் பட்டியல் கைவிடப்பட்டது. அதுவரை அப்பெரும்பரிசைப் பெற்றிருந்த பெண் 2000இல் வென்ற ஃப்ளோரான்ஸ் செஸ்டாக் ஒருவரே; கிளேர் ப்ரெத்தேஷேருக்கு 1983இல் கிடைத்தது பத்தாம் ஆண்டு நிறைவுக்கான சிறப்புப் பரிசுதான். 2016க்குப் பின் ருமிகோ தகஹாஷி 2019இலும், ஜூலி டூசே 2022இலும், போசி சிம்மண்ட்ஸ் 2024இலும் வென்றுள்ளனர். இவர்களுடைய கோடு 2016இலும் பேசிக்கொண்டுதான் இருந்தது.

இத்துறைக்கென்று தனிக் குணம் உண்டா என்றால், உண்டு. அது மனிதர்களின் குணமன்று, வேலை பிரியும் முறையின் குணம். ஓர் அமெரிக்க இதழை எழுத்தாளர், பென்சில் ஓவியர், மை தீட்டுபவர், வண்ணம் சேர்ப்பவர், எழுத்துப் பொறிப்பவர் என்று ஐந்து பேர் உருவாக்குகிறார்கள் என்றால், ஐவரும் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பெறும் வெளியாட்கள். நடுவில் இருக்கும் எடிட்டர் மட்டுமே சம்பளக்காரர். அவர் தொலைபேசியை எடுத்தால் வேலை, எடுக்காவிட்டால் இல்லை. எடுக்காமல் இருப்பதற்கு அவர் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மைக்கூடு சொன்ன வாட்ஸ்அப் கதையில் நடந்ததும் இதுதான்.

நிறுவனத்துக்குள் சம்பளத்தில் இருந்தவர்களுக்கே முறையீடு எவ்வளவு உதவியது என்பதற்கு அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் நிறுவனத்தைப் பாருங்கள். மூத்த எடிட்டர் ஒருவர்மீது 2010ஆம் ஆண்டிலேயே மனிதவளப் பிரிவில் புகார்கள் சென்றிருந்தன. 2017 நவம்பரில் செய்தித்தளம் ஒன்று அவற்றை வெளியிட்ட சில நாட்களில் அவர் நீக்கப்பட்டார். இடைப்பட்ட ஏழாண்டுகளில் எத்தனை இளம் பெண்கள் அந்த அலுவலகத்தையே தவிர்த்திருப்பார்கள் என்பதற்குக் கணக்கு எங்கும் இருக்காது. அடுத்து, காமிக்ஸ் படைப்பாளர்களின் கருத்துச் சுதந்திரத்துக்காக நீதிமன்றங்களில் வாதாடுவதற்கென்றே அமைந்த சட்டப் பாதுகாப்பு நிதியத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நிர்வாக இயக்குநர் 2005இல் நடந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு சம்பவத்துக்காக 2020 ஜூனில்தான் பதவி விலகினார். முன்னாள் ஊழியர் ஒருவர் வாய்திறக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தால் கட்டப்பட்டிருந்ததும் அதே நாட்களில் வெளிவந்தது. பேச்சுரிமைக்கான அமைப்பு தன் ஊழியரின் பேச்சை ஒப்பந்தம் போட்டு அடைத்து வைத்திருந்ததை நம் ஊர் நாடகக்காரர் எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்போம்.

இணையத்தில் கும்பலாகச் சேர்ந்து தாக்குவது இன்னொரு வகை. மார்வெல் நிறுவனத்தின் தொடக்க நாட்களில் பணியாற்றிய ஃப்ளோ ஸ்டைன்பெர்க் 2017 ஜூலையில் காலமானபோது, அவர் நினைவாக அங்கு பணிபுரிந்த இளம்பெண்கள் சிலர் மில்க்ஷேக் அருந்தி, கோப்பைகளுடன் ஒரு படம் எடுத்துப் பகிர்ந்தனர். படத்தில் வேறெதுவும் இல்லை. அதைப் பகிர்ந்த எடிட்டர் ஹெதர் ஆண்டோஸுக்கு வந்து குவிந்த வசைகளில், அமெரிக்கக் காமிக்ஸ் கெட்டுப்போனதற்கே இவர்கள்தான் காரணம் என்பதுவரை இருந்தது. தென்கொரியாவில் 2016இல், பெண்ணியச் சார்புக்காக ஒரு விளையாட்டு நிறுவனம் குரல் நடிகை ஒருவரை நீக்கியபோது, அவருக்கு ஆதரவாகப் பேசிய வெப்டூன் (இணையக் காமிக்ஸ்) ஓவியர்களும் இதேபோலத் தாக்கப்பட்டனர்.

பாசிர்_ரிஸ்_வாசகன் எழுதியது:

நான் இரும்புக்கை மாயாவி காமிக்ஸை 1972 முதல் வாசிப்பவன். வயதானவன் என்பதால் சற்றுப் பழைய செய்தி ஒன்றைச் சொல்கிறேன். பாகுபாடு என்பது யார் வரைகிறார் என்பதோடு நிற்பதில்லை, எந்த முகத்தை வரையலாம் என்பதிலும் இருந்திருக்கிறது. அமெரிக்காவில் இசி காமிக்ஸ் 1953இல் வெளியிட்ட ஒரு கதையில், இனப் பிரிவினை நிலவும் ஒரு கோளை ஆய்வு செய்து திரும்பும் விண்வெளி வீரர் கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றும்போது கறுப்பினத்தவர் என்று தெரியவரும். 1956இல் அதை மறுபடி அச்சிட முயன்றபோது, காமிக்ஸ் தணிக்கைக் குழு அந்த முகத்தை மாற்றச் சொன்னது. இசியின் பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் மறுத்துவிட்டு அப்படியே அச்சிட்டார். அதோடு காமிக்ஸ் இதழ்களையே விட்டுவிட்டார். கதையின் கருத்து முழுவதும் அந்த ஒரே முகத்தில் இருக்கும்போது அதை மாற்று என்று சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அமர் சித்ர கதா நூல்கள் 1967இல் தொடங்கி நம் பிள்ளைகளுக்குப் புராணத்தைக் கொண்டுசேர்த்தவை. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் அரசிகள் வெளுப்பாகவும் அசுரர்கள் கறுப்பாகவும் வரையப்பட்டதை விமர்சகர்கள் பலமுறை சுட்டியுள்ளனர். என் பேத்தி ஒருநாள், "தாத்தா, கெட்டவங்க மட்டும் ஏன் நம்ம கலர்ல இருக்காங்க?" என்று கேட்டாள். நான் நூலை மூடிவைத்தேன்.

மைக்கூடு எழுதியது:

ஐயா, உங்கள் பேத்தியின் கேள்வி எனக்கு வேறு வடிவத்தில் வந்திருக்கிறது. நான்கு இனப் பிள்ளைகள் ஒரே அடுக்குமாடியில் துப்பறியும் கதை ஒன்றுக்கு வரைந்தேன். இந்தியச் சிறுவனுக்கு நான் என் தம்பி மகனின் நிறத்தைக் கொடுத்திருந்தேன். திருத்தக் குறிப்பில் அவனை மேலும் இரண்டு படி கறுப்பாக்க வேண்டும், இல்லாவிட்டால் மலாய்ச் சிறுவனிடமிருந்து பிரித்தறிய முடியாது என்று எழுதியிருந்தது. அவனுடைய அம்மாவுக்கு எல்லாக் கட்டங்களிலும், வீட்டுக்குள் தூங்கும் கட்டத்தில்கூட, பட்டுச்சேலையும் பெரிய பொட்டும் வேண்டுமாம். துப்பைக் கண்டுபிடிக்கும் கட்டத்தில் முன்னால் நின்ற அவனைப் பின்வரிசைக்கு நகர்த்தச் சொன்னார்கள். நான் வண்ணத் தட்டில் மலாய்ச் சிறுவன், இந்தியச் சிறுவன் இருவருக்கும் உரிய நிறங்களை அருகருகே வைத்து, முகவெட்டாலும் முடியாலும் பிரித்தறிய முடியும் என்று காட்டினேன். நிறத்தை விட்டுக்கொடுத்தார்கள், பின்வரிசை மட்டும் அப்படியே நின்றது.

2019 ஜூலையில் மின்னணு முறையில் பணம் செலுத்தும் சேவை ஒன்றின் விளம்பரத்தில் சீன நடிகர் ஒருவர் தோலுக்குக் கருமை பூசி இந்தியராகத் தோன்றியதையும் அதையொட்டி எழுந்த சர்ச்சையையும் எல்லோரும் அறிவோம். அது பேருந்து நிறுத்தத்தில் ஒட்டப்பட்டிருந்தால் ஊரே பார்க்கும். எடிட்டரின் திருத்தக் குறிப்பைப் பார்ப்பது வரைபவர் ஒருவர் மட்டுமே.

நான்காம்_சட்டகம் எழுதியது:

இதற்குப் பொருத்தமான மறுபக்கம் ஒன்று உண்டு. மார்வெலில் எடிட்டராக இருந்த சி. பி. செபுல்ஸ்கி என்ற அமெரிக்கர், 2004, 2005 வாக்கில் அகிரா யோஷிதா என்ற ஜப்பானியப் புனைபெயரில் அதே நிறுவனத்துக்கு ஜப்பானியச் சூழல் கொண்ட கதைகளை எழுதினார். தலைமை எடிட்டரான பிறகு, 2017 நவம்பரில், அதை அவரே ஒப்புக்கொண்டார். ஆசியப் பெயருக்கு மதிப்பு இருந்தது, ஆசியருக்கு இருந்ததா என்பதே அப்போது எழுந்த கேள்வி. பதவி அவரிடமே இருந்தது.

இரவுக்கோடு எழுதியது:

கண்காட்சிகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தபோது, இங்குள்ள ஒரு பெரிய கண்காட்சியில் தொண்டூழியராக இருந்தேன். ஓவியர்கள் தங்கள் படைப்புகளை விற்கும் மேசைகளை ஒட்டி ஒட்டிப் போடுவார்கள். பின்னால் சுவர், பக்கத்தில் அடுத்தவருடைய பெட்டிகள். ஓர் ஆள் மேசைமீது கையூன்றி அரைமணி நேரம் அந்தப் பெண்ணின் உடையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், அவரால் எழுந்து போகவும் முடியாது, ஏனென்றால் சில்லறைப் பெட்டியும் அன்றைய விற்பனையும் மேசையில் இருக்கின்றன. என் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியதால் ஒரு ஓவியர் என்னிடம் கண்ணால் சைகை காட்டினார். நான் போய் அவருடைய அச்சுப்படங்களை அடுக்குவதுபோல் நடுவில் நின்றேன். அதற்குமேல் என்ன செய்வது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை; குழாய் உடைந்தால் அழைக்க வேண்டிய எண் மட்டும் அட்டையின் பின்புறத்தில் இருந்தது.

நியூயார்க் காமிக் கான் 2014இல் நுழைவாயிலிலேயே, காஸ்பிளே உடை (கதாபாத்திரங்களைப் போன்ற வேடம்) அணிந்திருப்பது தொடுவதற்கான சம்மதமாகாது என்று பெரிய பலகை வைத்தது. அதே ஆண்டு சான் டியேகோ கண்காட்சியிலும் தெளிவான விதிமுறை வேண்டும் என்று கையெழுத்து இயக்கம் நடந்தது. பலகை வைத்ததால் எல்லாம் மாறிவிடாது என்பது தெரியும். ஆனால் பலகை இருந்தால் தொண்டூழியர் சுட்டிக்காட்ட ஏதாவது இருக்கும்.

சட்டப்பிரிவு எழுதியது:

மைக்கூடு அம்மா கேட்ட முதல் கேள்விக்கு வருகிறேன். பொதுவான தகவலாகவே இதை எடுத்துக்கொள்ளவும். உங்கள் ஆவணங்களை ஒரு வழக்கறிஞர் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் வயது, இனம், சமயம், பாலினம், கருவுற்றிருத்தல் போன்ற காரணங்களால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க வகைசெய்கிறது; அதை 2027இல் நடைமுறைப்படுத்தத் திட்டமிடப்பட்டது. குறைகேட்கும் முறை இருக்க வேண்டும், முறையிட்டவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் கட்டளையிடுகிறது. காமிக்ஸ் துறைக்கு இரண்டு ஓட்டைகள் உள்ளன. அது ஊழியர்களுக்கானது, ஃப்ரீலான்ஸாக வேலை செய்பவர்களுக்கு அல்ல. இரண்டாவதாக, 25 ஊழியர்களுக்குக் குறைவாக உள்ள நிறுவனங்களுக்குத் தொடக்கக் கட்டத்தில் விலக்கு உண்டு; நம் பதிப்பகங்களில் அந்த எண்ணிக்கையை எட்டுபவை எத்தனை என்று நீங்களே பாருங்கள்.

ஆனால் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம், 2014இல் நடைமுறைக்கு வந்தது, வேலை உறவு இருக்கிறதா என்றே கேட்பதில்லை. வேண்டுமென்றே மன உளைச்சல் ஏற்படுத்தும் சொல்லும் செயலும், இணையத்தில் நடந்தாலும் நேரில் நடந்தாலும், அதன்கீழ் வரும். பாதுகாப்பு ஆணை கேட்கலாம். ஒருவரைத் துன்புறுத்தும் நோக்குடன் அவருடைய தனிப்பட்ட விவரங்களை வெளியிடுவது 2020 ஜனவரி முதல் குற்றம். இவ்வழக்குகளுக்கென்றே ஒரு நீதிமன்றம் 2021 ஜூன் முதல் இயங்குகிறது. கண்காட்சியில் கைவைத்தால் அது குற்றவியல் சட்டத்தின் மானபங்கம்; நேரே காவல்துறை. பெண்கள் அமைப்பான அவேர், வேலையிடத் தொல்லைக்கென்று 2019இல் ஓர் ஆலோசனைச் சேவையைத் தொடங்கியது. அவ்வமைப்பு இப்சோஸ் என்ற ஆய்வு நிறுவனத்துடன் சேர்ந்து 2021 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், முந்தைய ஐந்தாண்டுகளில் வேலையிடத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாக ஐந்தில் இருவர் கூறினர். அவர்களுள் பத்தில் மூவரே அதிகாரபூர்வமாகப் புகார் செய்தனர்.

எந்தச் சட்டத்தாலும் உங்களுக்கு அடுத்த நூலை வாங்கித் தர முடியாது. அந்த இடத்தை நிரப்பக்கூடியது ஒப்பந்தம் மட்டுமே.

கிழக்குவாசல் எழுதியது:

சட்டம் பற்றிய விளக்கத்துக்கு நன்றி. இத்துறையில் வேலை பிரியும் முறையே ஆபத்தானது என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தண்டனை என்று வரும்போது அது யார்மீது விழுகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். ஜப்பானின் ஷோனென் ஜம்ப் காமிக்ஸ் வார இதழில் வந்த ஆக்ட்-ஏஜ் என்ற தொடரின் எழுத்தாளர் 2020 ஆகஸ்டில் பள்ளிச் சிறுமியிடம் தகாத முறையில் நடந்ததற்காகக் கைதானார். சில நாட்களில் அதன் பதிப்பகமான ஷூயீஷா தொடரையே நிறுத்தி, நூல்களின் விற்பனையையும் முடித்துக்கொண்டது. எழுத்தாளருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. அதை வரைந்த ஓவியர் ஷிரோ உசசாகி ஒரு குற்றமும் செய்யாமல் வாரந்தோறும் உழைத்த தொடரை இழந்தார். இது நியாயமா?

நான்காம்_சட்டகம் எழுதியது:

நியாயமில்லை, இந்த இழையில் எழுந்த மிகக் கடினமான கேள்வியும் இதுவே. ஒன்றைச் சேர்க்கிறேன்: உசசாகி அப்போது வெளியிட்ட அறிக்கையில் தம் இழப்பைப் பற்றிப் பேசுவதைவிட, பாதிக்கப்பட்டவர்களைக் குறைசொல்ல வேண்டாம் என்பதையே வலியுறுத்தினார்.

அமெரிக்காவின் இமேஜ் காமிக்ஸ் பதிப்பக அலுவலக ஊழியர்கள் 2021 நவம்பரில் சங்கம் அமைத்தபோது வைத்த ஒன்பது கோரிக்கைகளில் கடைசியானது இதையே தொட்டது: வன்முறை, பாலியல் குற்றம், இனவெறி ஆகியவற்றில் ஈடுபட்டதாகக் கண்டறியப்பட்ட படைப்பாளரின் நூலை நிறுத்துவதற்கு ஊழியர்கள் கூட்டாக வாக்களிக்கும் உரிமை. 2022 ஜனவரியில் அவர்கள் வாக்கெடுப்பில் வென்று சங்கம் அங்கீகாரம் பெற்றது. அந்தக் கோரிக்கை எனக்கு முழு உடன்பாடில்லை. குற்றம் கண்டறிவது யார் என்று அது சொல்லவில்லை, கூட்டுப் படைப்பாளரின் பங்கைப் பற்றியும் பேசவில்லை. என்றாலும் அட்டையைத் தயாரித்து, கிடங்குக்கு அனுப்பி, தொலைபேசியில் பதில் சொல்லும் ஊழியர் ஒருவர், தம்மைத் தொல்லை செய்தவரின் நூலையே விளம்பரப்படுத்த வேண்டிய நிலையிலிருந்து அது பிறந்திருக்கலாம் என்பது புரிகிறது. கூட்டாக உருவாகும் நூல்களுக்கு ஒப்பந்தத்திலேயே, ஒருவர் விலக நேர்ந்தால் மற்றவருக்குரிய பக்கக் கூலியும் படங்களின் உரிமையும் என்னாகும் என்று எழுதிவைப்பதே வழி. ஷூயீஷா என்ன கொடுத்தது என்பதை விடுங்கள். நம் ஊரில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு நூல் செய்யும்போது அந்த வரி இருக்கிறதா?

மைக்கூடு எழுதியது:

இல்லை. என்னிடம் உள்ள எல்லா ஒப்பந்தங்களையும் நேற்றிரவு எடுத்துப் பார்த்தேன். நான் நேரம் தவறினால் என்ன, அவதூறாக வரைந்தால் என்ன, பிறர் படத்தைத் திருடினால் என்ன என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. அவர்கள் பக்கத்து நடத்தையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அடுத்த ஒப்பந்தத்தில் இவற்றைக் கேட்கப்போகிறேன். திருத்தங்கள் அனைத்தும் மின்னஞ்சலில், குறைந்தது இருவருக்கு நகலுடன் வர வேண்டும். சந்திப்புகள் அலுவலக நேரத்தில், அலுவலகத்திலோ காணொளியிலோ நடக்க வேண்டும். தொல்லை குறித்து முறையிட, எனக்கு வேலை ஒதுக்கும் நபர் அல்லாத ஒருவரின் பெயர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். முறையிட்டபின் நான் விலகினால், அதுவரை முடித்த பக்கங்களுக்கு முழுக்கூலி வேண்டும். பாத்திரங்களின் இனத்தோற்றத்தை மாற்றும் திருத்தம் காரணத்துடன் எழுத்தில் வர வேண்டும்.

கிழக்குவாசல் எழுதியது:

கடைசி வரியைத் தவிர மற்றவற்றுக்கு எந்தப் பதிப்பாளரும் மறுப்புச் சொல்லக் காரணமில்லை என்று நினைக்கிறேன். கடைசி வரிக்கு, படைப்புச் சுதந்திரம் எங்களுக்கும் உண்டு என்பார்கள்.

சட்டப்பிரிவு எழுதியது:

சொல்லட்டும், காரணத்தை எழுத்தில் கேட்பது சுதந்திரத்தைத் தடுப்பதாகாது. ஒரு திருத்தம் மட்டும். முடித்த பக்கங்கள் என்று எழுதினால், மை தீட்டி ஒப்புதல் பெற்றவை மட்டுமே முடிந்தவை என்று வாதிடுவார்கள். பென்சில், மை, வண்ணம் என ஒவ்வொரு நிலைக்கும் கூலியில் எத்தனை விழுக்காடு என்று தனித்தனியாக எழுதிவிடுங்கள். கூலி வராவிட்டால், தகராறு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணி சுயதொழில் செய்வோருக்கும் சமரசப் பேச்சு நடத்தித் தருகிறது. அதற்குமேல் 20,000 வெள்ளி வரையிலான தொகைக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது ஒப்பந்தத்தைத்தான்.

இரவுக்கோடு எழுதியது:

மைக்கூடு அக்கா, இந்த வரிகளை ஒரு பக்கத் தாளாக்கி இங்கே ஏற்றுங்கள். அடுத்த கண்காட்சிக்கு மேசை எடுத்திருக்கும் நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். ஏற்பாட்டாளர்களிடம் மேசை ஒப்பந்தம் வரும்போது, தொல்லை நேர்ந்தால் அழைக்க வேண்டிய எண்ணை அட்டையின் பின்புறத்தில் அச்சிடும்படி நாங்களும் எழுதிக் கேட்கப்போகிறோம்.